தனிப் படிக்கட்டு கேட்பவர்கள்

"அவங்களுக்குத் தனி பிளாக் குடுத்துருங்க சார். படிக்கட்டும் தனியா இருந்துட்டா ஒரு பிரச்சனையும் வராது. நாளைக்கு ஒருத்தர ஒருத்தர் கொற சொல்ல வேண்டாம் பாருங்க."

இதைச் சொன்னவர் கையில் அரிவாள் இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைத் 'தம்பி, நீங்க' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அண்ணாச்சி. திருநெல்வேலி மாநகரில் எங்கள் பகுதியில், ஒரு பழைய குடியிருப்பை இடித்துக் கட்டுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரியும் அடுக்குமாடிகள் ஒரு பக்கம். அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். சுமை தூக்குபவர்கள், பீடி சுற்றும் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள். அதை ஒட்டி இன்னொரு பக்கம் வரிசை வீடுகள். அங்கே பிற சாதியினர். இரண்டு இடத்தையும் சேர்த்து உயரமாகக் கட்டுவது, கூடுதலாக வரும் வீடுகளை விற்றுச் செலவை ஈடுகட்டுவது என்பது யோசனை.

வரைபடத்தை விரித்த அதிகாரி அதற்கு ஒரு பெயர் சொன்னார்: 'கலப்புக் குடியிருப்பு'. எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு விளக்கினார். கீழே கடைகள், மேலே வீடுகள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சிறியது, நடுத்தர வருமானத்தினருக்குப் பெரியது. கலப்பு என்பது அவ்வளவுதான். கடையும் வீடும் கலக்கலாம், காசு கொஞ்சம் கலக்கலாம். யார் வீட்டுக்கு எதிர் வீடு யாருடையது என்ற கேள்வி அந்தத் தாளில் எங்கும் இல்லை. அந்தக் கேள்வியை அண்ணாச்சிதான் எழுப்பினார். அதிகாரியும் மறுக்காமல், முகம் சுளிக்காமல், 'தனி பிளாக், தனிப் படி' என்று குறித்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு அத்தை எழுந்தார். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி கறுத்தவர். "எய்யா, படிய தனியாப் போட்டுருவீய. தண்ணித் தொட்டி? அதுவும் தனியா? மேல இருந்து வாரது ஒரே தாமிரவருணித் தண்ணிதானய்யா?" என்றார். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனால் அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், பார்த்தேன்.

தோழர்களே, சாதி என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது வெட்டுக்குத்து. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து, உடன் படித்த பிள்ளைகள் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கேடிசி நகரில், வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக ஒரு தலித் மென்பொறியாளர் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். முன்னது கிராமம் போன்ற ஒரு சிற்றூர். பின்னது மாநகரம், புதிதாக முளைத்த நகர். நகரம் வந்தால் சாதி கரைந்துவிடும் என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் கேடிசி நகருக்கு ஒருமுறை வந்து போகட்டும்.

நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளியில் கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்பது உள்ளிட்ட பல நல்ல பரிந்துரைகள். ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கு மணி அடித்தபின் அந்தப் பிள்ளை எங்கே போகிறான்? தன் சாதித் தெருவுக்குப் போகிறான். கயிற்றை அவனுக்குக் கட்டிவிட்டது பள்ளிக்கூடமா? பகலில் எட்டு மணி நேரம் சமத்துவம் படித்துவிட்டு, மீதிப் பதினாறு மணி நேரம் தெருவிடம் பாடம் கேட்கிறான். அந்தத் தெருவைத் தொடாமல் கயிற்றை மட்டும் அறுத்து என்ன ஆகப்போகிறது?

திருநெல்வேலியில் தெருப்பெயர் சொன்னால் போதும், சாதி சொன்ன மாதிரி. புது நகர்களில் பெயர் மாறியிருக்கிறது, விசாரணை மாறவில்லை. 2019ல் நான் பாளையங்கோட்டையில் வாடகை வீடு தேடினேன். முதல் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊரு?" இரண்டாவது, "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்கு ஆளுக்கு ஒரு பாணி. ஒருவர் குலதெய்வம் கேட்டார். ஒருவர் இன்னாரைத் தெரியுமா என்று என் ஊரில் இருக்கும் ஒரு பெரிய வீட்டின் பெயரைச் சொன்னார். ஒருவர் மாட்டிவைத்திருந்த 'சைவம் மட்டும்' அட்டையைக் காட்டினார். அவர் வீட்டுக் கொல்லையில் கருவாட்டு வாசம் அடித்தது, அது வேறு கதை. பதினொரு வீடு பார்த்தேன். கடைசியில் மேலப்பாளையத்தில் ஒரு பாய் வீட்டு மாடி கிடைத்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி, தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்பதுதான்.

என் கதை புதிதல்ல. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917ல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்கே தங்க அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் மறைந்து தங்கியவரைக் கம்போடு வந்து விரட்டினார்கள். 2015ல் சுகதேவ் தோரட்டும் மற்ற ஆய்வாளர்களும் டெல்லி சுற்றுவட்டாரத்தில் வாடகை வீட்டுச் சந்தையைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள்: ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரிச் சம்பளம், பெயர் மட்டும் மாறினால் கதவு மூடிக்கொள்கிறது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும். சட்டம் என்ன செய்தது? 2005ல் குஜராத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், தன் சமூகத்தாரை மட்டும் உறுப்பினராகச் சேர்ப்போம் என்று ஒரு சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தீண்டாமைக்குத் தடை போடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் தனியார் வீட்டுக்காரரிடம் அரசு எதுவும் செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அரசே கட்டுகிற வீட்டில்? அங்கே யாருக்கு எந்தக் கதவு என்று எழுதுவது அரசின் பேனா அல்லவா?

அந்தப் பேனா ஒரு காலத்தில் ஒழுங்காக எழுதியிருக்கிறது. தென்மாவட்டங்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. 1995 கொடியன்குளம். 1997ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்காகக் கலவரம். கடைசியில் எல்லா மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. 'நெல்லை கட்டபொம்மன்' மாவட்டம் வெறும் திருநெல்வேலி ஆனது அப்போதுதான். அதே ஆண்டு ஜூனில் மேலவளவு. அந்தச் சூழலில் கலைஞர் அரசு அறிவித்ததுதான் பெரியார் நினைவு சமத்துவபுரம். முதல் சமத்துவபுரம் 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர், 10 இதர வகுப்பினர். ஒரே சாதி அடுத்தடுத்து வராதபடி ஒதுக்கீடு. ஒரே சுடுகாடு. உள்ளே எந்த மதத்தின் வழிபாட்டுத் தலத்துக்கும் இடமில்லை. உலகத்தில் வேறு எந்த அரசாவது சாதிக்கு எதிராகச் செங்கல் வைத்து இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.

அந்தத் திட்டத்தை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவும் இல்லை. ஊருக்கு வெளியே, புறம்போக்கில், வேலைவெட்டிக்கும் பஸ்ஸுக்கும் எட்டாத இடங்களில் பல சமத்துவபுரங்கள் கட்டப்பட்டன. வீடுகள் கைமாறின, பூட்டிக் கிடந்தன, கூரை ஒழுகின. ஆட்சி மாறியபோது கவனிப்பாரில்லை. 2021க்குப் பிறகுதான் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கினார்கள், 2022ல் விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியில் புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். இதைவிடப் பெரிய குறை வேறு. சமத்துவபுரம் ஊரைத் தொடவில்லை, சேரியையும் தொடவில்லை. ஊர் அங்கேயே இருந்தது, சேரி அங்கேயே இருந்தது, மூன்றாவதாக ஒன்று பக்கத்தில் வந்தது. வசதியான ஆதிக்க சாதிக்காரர் யாரும் தன் தெருவை விட்டு அங்கே குடிபோகத் தேவைப்படவில்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் அந்தச் சொல்லுக்குரிய இடம் எங்கே போகும்?

நகரத்தில் இடித்துக் கட்டுவது இதனால்தான் முக்கியமாகிறது. இங்கே வெறும் பொட்டலைத் தேடிப் போக வேண்டியதில்லை. இருக்கிற குடியிருப்பே தரைமட்டமாகிறது. பழைய சுவர் ஒன்றும் மிச்சமில்லை. அதே இடத்தில், அதே பள்ளிக்கூடம், அதே பேருந்து நிறுத்தம், அதே ரேஷன் கடை பக்கத்தில் யார் யாருக்கு அண்டை வீடு என்பதைப் புதிதாக எழுதலாம். ஒரு கட்டடத்தின் ஆயுள் நாற்பது ஐம்பது வருடம் என்றால், இந்த வாய்ப்பு இனி என் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும். 1970களில் இருந்து குடிசை மாற்று வாரியமாக இருந்து, 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு தமிழ்நாடு முழுக்கப் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. சமத்துவபுரம் என்று முழங்கிய அதே தமிழ்நாட்டில், நூற்றுக்கு 40, 25, 25, 10 என்ற கணக்கு நகரத்து அடுக்குமாடிக்கு ஏன் இன்றுவரை ஏறவில்லை?

ஏறாததோடு நிற்கவில்லை, நேர் எதிராக நடக்கிறது. துப்புரவுப் பணியாளர் குடியிருப்பு என்று தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். இடிந்தால் மறுபடியும் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பாகவே கட்டுகிறார்கள். லிஃப்ட் வைத்தாலும் டைல்ஸ் ஒட்டினாலும் அது அருந்ததியர் தெருதான், மாடி வைத்த அருந்ததியர் தெரு. சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் இருந்து பிடுங்கிய மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் சொல்லாத நாளில்லை. நம் மாவட்டத்திலோ மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில், நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த மக்களை, குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே 2024ல் இறங்கு என்றது கம்பெனி. மாற்றாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று ரெட்டியார்பட்டியில் வாரியம் கட்டிய அடுக்குமாடி. 1999 ஜூலை 23 அன்று இதே மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தது. 17 பேர் செத்தார்கள். அந்த மக்களுக்கு மலையை விட்டு இறங்கினாலும் கிடைப்பது நகரத்தின் விளிம்பில் ஒரு ஒதுக்குப் பெட்டிதான்.

கவனியுங்கள், இந்த மாவட்டத்தில் இடம் மாறுவது எப்போதும் யார் என்று. வெட்டுப்பட்ட வீட்டுப் பிள்ளைதான் ஊரை விட்டுப் போகிறது. வெட்டியவனின் தெரு அசையாமல் அங்கேயே இருக்கிறது.

இனி நம் பக்கத்தில் இருந்தே வரும் ஒரு கேள்விக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த அன்று இரவு என் நண்பன் ஒருவன், நம்மாள்தான், கேட்டான்: "எதுக்குடே அவனுவ பக்கத்துல போய் இருக்கணும்? கூட்டமா இருந்தா ஒரு பாதுகாப்பு. ஒருத்தன் மேல கை வச்சா நூறு பேர் வருவோம். நீ சொல்ற மாதிரி மாடிக்கு ஒரு வீடுன்னு பிரிச்சுப் போட்டா அப்புறம் யாரக் கூப்பிட?"

இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 1942ல் நாக்பூரில் கூடிய பட்டியல் சாதியினர் மாநாடு தலித்துகளுக்குத் தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. அம்பேத்கர் 1947ல் அரசியல் நிர்ணய சபைக்கு எழுதிய ஆவணத்திலும் அந்தக் கோரிக்கை இருக்கிறது. சேர்ந்து வாழ்வதற்கு எதிரானவரா அவர்? அவர் கேட்டது நிலத்தோடு கூடிய குடியேற்றம். சாதி இந்து நிலத்தில் கூலிக்குப் போய், அவன் கிணற்றை நம்பி, அவன் தயவில் வாழ்வதை முறிப்பதற்கான வழி. அரை ஏக்கர் கூட இல்லாமல், ஆறாவது மாடியில் நானூறு சதுர அடியில், குப்பை லாரி நிற்கும் மூலையில் கொடுக்கும் தனி பிளாக்கை அந்தத் தீர்மானத்தோடு ஒப்பிடுவது அம்பேத்கரை அவமதிப்பது. ஆனாலும் என் நண்பனின் பயம் நியாயமானது. எனவே கலப்பு என்றால் தலித் குடும்பத்தைத் தனித்தனியாகத் தூவிவிடுவது என்று அர்த்தம் ஆகக்கூடாது. எந்த மாடியிலும் ஒரே ஒரு தலித் குடும்பம் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. சமத்துவபுரத்தில் நூற்றுக்கு நாற்பது என்று வைத்ததற்குள் இந்தப் புத்தி இருந்தது. பத்தோ பதினைந்தோ வைத்திருந்தால் அவர்கள் விருந்தாளிகளாக இருந்திருப்பார்கள்.

சிங்கப்பூரைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே வீவக வீடுகளில் 1989ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் தனபாலன், தமிழ் வழி வந்தவர். ஒரு கட்டடத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அதன் பலனை மறுக்கவில்லை. ஒரே மின்தூக்கியில் மூன்று மொழி கேட்கிறது. ஆனால் அங்கே வைத்தது உச்சவரம்பு. அதனால் சிறுபான்மையினர் தங்கள் வீட்டை விற்கப் போகும்போது, சீனர் ஒதுக்கீடு நிரம்பிய கட்டடங்களில் சீனருக்கு விற்க முடியாமல் விலையில் இழக்கிறார்கள். அந்த விதியை அப்படியே இங்கே இறக்கினால் என்ன ஆகும்? 'தலித் கோட்டா முடிஞ்சு போச்சு' என்று, ஏற்கெனவே அங்கே குடியிருந்த குடும்பத்தையே வெளியே தள்ளுவார்கள். கலப்பின் பெயரால் வெளியேற்றம். நமக்கு வேண்டியது இதற்குக் குறையக்கூடாது என்கிற அடிமட்ட வரம்பு. உச்சவரம்பு வைக்க வேண்டுமானால் ஆதிக்க சாதிக்கு வையுங்கள்.

அதனால் நான் கேட்பது இது. முதலில், இப்போது குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும், வாடகைக்கு இருப்பவர் உட்பட, அதே இடத்தில் வீடு என்று எழுத்தில் வேண்டும். அதன்பிறகுதான் மற்றப் பேச்சு. வீடு எந்த மாடி, எந்தப் பக்கம் என்பது எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். விற்பனைக்கு வரும் பெரிய வீடுகளும் சிறிய வீடுகளும் ஒரே கட்டடத்தில், ஒரே வாசலில், ஒரே லிஃப்டில். அருந்ததியர் பங்கு தனியாகக் கணக்கிடப்பட வேண்டும், 'எஸ்.சி.' என்ற ஒரே கூடையில் போட்டு நம்மில் வலுத்தவர் எடுத்துக்கொள்ளும் வேலை இங்கேயும் வேண்டாம். இதைச் சொன்னால் என் சொந்தக்காரர்களிலேயே சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். குடியிருப்போர் சங்கத்தின் விதியில் யார் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. மாட்டுக்கறிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டை வாடகைக்கு விட்டால் 'எந்தத் தெரு' கேள்வி மறுபடியும் வரும். அதனால் முதல் பதினைந்து வருடமாவது வாடகை, விற்பனை இரண்டும் வாரியத்தின் வழியாக, வரிசை எண்படி நடக்க வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 2022ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்கிறது. ஒருவர் முரண்டு பிடித்தால் கட்டடம் நிற்காது என்று சட்டம் எழுதத் தெரிந்த அரசுக்கு, படிக்கட்டைப் பிரிக்காதே என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? மதுரை உத்தபுரத்தில் தீண்டாமைச் சுவரை 2008ல் உடைத்தது அரசின் இயந்திரம்தான். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில், தலித் வீடுகளை ஒட்டி எழுப்பிய உயரமான சுவர் மழையில் சரிந்து 17 பேரை நசுக்கியது. அதை நேரத்தில் உடைக்காததும் அதே அரசு இயந்திரம்தான். அண்ணாச்சி கேட்கிற தனிப் படிக்கட்டும் ஒரு சுவர். வரைபடத்தில் இருக்கும்போது அதை அழிக்க ஒரு ரப்பர் போதும். கட்டியபின் எத்தனை உயிர் ஆகும் என்று நடூரில் போய்க் கேளுங்கள்.

அண்ணாச்சியிடம் நான் பிறகு தனியாகப் பேசினேன். கெட்டவர் இல்லை. "நான் சாதி பாக்குற ஆள் இல்ல தம்பி, என் பையன் பெங்களூர்ல இருக்கான், அவன் ரூம்ல யார் யாரோ இருக்காங்க" என்றார். பெங்களூரில் முடிகிறது ஏன் இங்கே முடியாது என்று கேட்டேன். "இங்க பொண்ணு இருக்கே தம்பி" என்றார். அவ்வளவுதான். செலவு, பராமரிப்பு, தண்ணீர் என்று இரண்டு மணி நேரம் கூட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்த பேச்சு, இந்த ஒரு வார்த்தையில் நின்றுவிட்டது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினால் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் முகம் பார்த்துக்கொள்வார்கள், பேசிக்கொள்வார்கள், ஒருவேளை காதலித்துவிடுவார்கள். படிக்கட்டைப் பிரிக்கச் சொல்லும் பயமும் கேடிசி நகரில் அரிவாளைத் தூக்கிய பயமும் ஒரே பயம்தான் என்று அவரிடம் சொன்னேன். முகம் கறுத்துப் போய்விட்டார். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்கிறோம். 2025 அக்டோபரில் நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஆணையத்துக்கு நாம் கொண்டுபோகும் மனுக்களில் வீட்டு ஒதுக்கீட்டையும் ஒரு பக்கமாகச் சேர்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் பொங்கல் கழிந்து என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இருநூறு கையெழுத்தாவது வாங்க வேண்டும். அத்தை முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பீடித் தட்டை மடியில் இருந்து இறக்காமலே போட்டார். "தண்ணித் தொட்டியையும் எழுதிக்கிட்டியாய்யா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறேன், இரண்டாவது பத்தியில். வரிசை வீடுகளில் இருந்து இதுவரை ஏழு பேர் போட்டிருக்கிறார்கள், அதில் ஐந்து பேர் கல்லூரிப் பிள்ளைகள். அண்ணாச்சி வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.